கயாக்கில் கடல் தூண்டில்: ராமநாதபுரம் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மண்டபம் பக்கத்துக்காரன். அப்பா வழியில் எல்லாரும் கடல் தொழில். நான் மட்டும் கரையில் வேலை பார்க்கிறேன். ஏழு வருசமாக, காற்று விட்டுக்கொடுக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் விடியலுக்கு முன்பே கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகைத் தள்ளிக்கொண்டு கடலில் இறங்குகிறேன். அரியமான் கடற்கரைக்கு மதுரையிலிருந்து வரும் குடும்பங்கள், வலை பிரித்துக்கொண்டிருக்கும் அண்ணன்மார், சொந்தக்காரர்கள் என்று கரையில் நிற்கிற எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஈரக் காலோடு நின்று அரைகுறையாகச் சொன்ன பதில்களை உட்கார்ந்து எழுதியிருக்கிறேன்.

இவ்வளவு படகு இருக்கும்போது கயாக்கில் போய் மீன் பிடிப்பதில் அப்படி என்ன இருக்கிறது?

பைபர் படகில் உட்கார்ந்தால் கடல் உங்களுக்குக் கீழே இருக்கும். கயாக்கில் அது உங்கள் இடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு நனையும். அந்த இரண்டடி வித்தியாசம்தான் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது.

இன்ஜின் இல்லாததால் காது திறந்துகொள்ளும். விடியலில் சூடை மீன் கூட்டம் ஒன்று மேலே வந்து நெளியும்போது தண்ணீரில் தூறல் விழுவதுபோலச் சத்தம் கேட்கும். வானத்தைப் பார்த்தால் மேகமே இருக்காது. கீழேயிருந்து பாறை மீன் துரத்தினால் அந்தத் தூறல் சட்டென்று ஒரு பக்கமாக அள்ளி வீசப்படும். ஆமை மூச்சு விட மேலே வருவதை நான் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். முதுகுக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு. திரும்பினால் வட்டமாக விரிகிற தண்ணீர் மட்டும் இருக்கும்.

இன்னொன்று, தங்கூசி என்கிற தூண்டில் நூல் விரலில் இருக்கும்போது அடியில் நடப்பதெல்லாம் விரலுக்கு வந்து சேரும். ஈயம் மணலில் விழுந்தால் மெத்தென்று இருக்கும், கல்லில் விழுந்தால் டக்கென்று தெறிக்கும். ஓரா மீன் இரையை நுனி நுனியாகக் கொறிக்கும். விளமீன் ஒரு முறை தட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் ஒரே இழுப்பு இழுக்கும். பெரிய படகில் பாதி உணர்வு படகின் ஆட்டத்திலேயே போய்விடுகிறது.

டீசல் வேண்டாம், ஆள் வேண்டாம் என்பதும் ஒரு காரணம்தான். நாலரை மணிக்கு எழுந்து கதவைத் திறந்து காற்றைப் பார்த்து முடிவெடுத்தால் ஐந்தேகாலுக்குத் தண்ணீரில் இருக்கலாம். ஆனால் மலிவு என்பதற்காக மட்டும் வந்தவர்கள் இரண்டு மாதத்தில் கயாக்கை விற்றுவிட்டதைப் பார்த்திருக்கிறேன். நிலைத்து நின்றவர்கள் எல்லாரும் அந்த இரண்டடிக்காக வந்தவர்கள்.

இது வெள்ளைக்காரன் விளையாட்டுத்தானே?

கயாக் என்பது வடதுருவப் பக்கத்து இன்யூட் மக்களின் வேட்டைப் படகு. மரத்திலோ எலும்பிலோ சட்டம் கட்டி, கடல்நாய்த் தோலைப் போர்த்தி, ஒரு ஆள் மட்டும் உட்காரும் அளவுக்குக் குழி விட்டுச் செய்தார்கள். குளிர்க் கடலில் உடம்பு நனையக் கூடாது என்பதற்காக மூடிய படகு அது.

நம்மைப் போன்ற வெப்பக் கடலுக்குத் தோதான, மேலே உட்காரும் கயாக் பிறகு வந்தது. 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் மாலிபு கரையில் டிம் நீமையர் என்பவர் ஒரு பழைய சர்ப் பலகையில் உட்காரவும் கால் வைக்கவும் குடைந்து பார்த்ததில் தொடங்கியது. உள்ளே தண்ணீர் நிற்கக் குழியே கிடையாது. மேலே விழும் அலை, அடிவரை போகும் ஓட்டைகள் வழியாக ஓடிவிடும். 1997ல் ஹோபி நிறுவனம் காலால் மிதித்து ஓட்டும் கயாக்கைக் கொண்டுவந்தது. பென்குயினின் துடுப்புபோல இரண்டு தகடுகள் அடியில் மாறி மாறி அசையும். கை இரண்டும் தூண்டிலுக்கு மிச்சமாகும்.

இதை என் பெரியப்பாவிடம் விளக்கினேன். ஓட்டைகளில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "கட்டுமரமும் இதத்தானப்பா செஞ்சுச்சு. தண்ணி மேல ஏறும், இடுக்கு வழியா எறங்கும். முங்குறதுக்கு அதுல என்ன இருக்கு?" என்றார். அதற்குப் பிறகு இதை அந்நியப் பொருளாக நினைக்க எனக்கு மனசு வரவில்லை. பாம்பனிலும் ராமேஸ்வரத்திலும் தெர்மாகோலைக் கட்டித் தெப்பமாக்கி ஒற்றை ஆளாகத் தூண்டிலுக்குப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நான் செய்வதை அவர்கள் எனக்கு முன்பே, பிழைப்புக்காக, இன்னும் கடினமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

எந்தக் கடலில் இறங்கலாம்? எந்த மாதம் நல்லது?

நம் மாவட்டத்துக்குக் கிடைத்த பெரிய கொடுப்பினை இது: இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடிக்குப் போனவர்கள் பெண் கடல், ஆண் கடல் என்று கேட்டிருப்பீர்கள். வடக்கே அலை சிறியது, ஆழமும் குறைவு. எட்டிய தூரத்துக்குச் சேறும் மணலும் கடல்புல்லும்தான். தெற்கே பார் என்கிற கடலடிப் பாறைத்திட்டுகள் உண்டு, நீவாடு என்கிற நீரோட்டம் பலம், அலையும் கனம்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று அடிக்கும்போது வடகடல் கலங்கிக் கிடக்கும், தென்கடல் படியும். வைகாசி முதல் ஆவணி, புரட்டாசி வரை சோளகம் என்கிற தென்காற்றும் கச்சான் என்கிற மேற்குக் காற்றும் தென்கடலைக் குமுற வைக்கும். அப்போது வடகடல் கரை கண்ணாடிபோல இருக்கும். இரண்டுக்கும் நடுவே மாசி பிற்பகுதியிலிருந்து சித்திரை வரை இரண்டு கடலும் சாந்தமாக இருக்கும் நாட்கள் உண்டு. புதிதாக வருகிறவர்களை நான் அப்போதுதான் வரச் சொல்வேன். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்பதால் கடலே ஒரு மாதிரி அமைதியாகிவிடும். தடை விசைப்படகுகளுக்குத்தான், துடுப்பால் ஓடுவதற்கு இல்லை.

மேலே கண்ணாடி என்று சொன்னேனே, அதை நம்பித்தான் ஒரு முறை நான் மாட்டினேன். அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

மாட்டிக்கொண்டீர்களா? என்ன நடந்தது?

நான்கு வருசத்துக்கு முன், ஆனி மாதம். வடகடல் பக்கம் சவுக்குத் தோப்பு ஓரமாக இறங்கினேன். ஒரு சுருக்கம் இல்லை தண்ணீரில். துடுப்பைத் தொட்டால் போதும், கயாக் வழுக்கிக்கொண்டு போனது. அரை மணியில் கரை நூல்போலத் தெரிகிற தூரத்துக்குப் போய்விட்டேன். நன்றாக மீன் கடித்தது, நேரம் போனதே தெரியவில்லை. எட்டரைக்குத் தலைநிமிர்ந்து பார்த்தால் சவுக்கு மரம் தனித்தனியாகத் தெரியவில்லை, ஒரே பச்சைக் கோடு.

காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசிக்கொண்டிருந்தது. கரை ஓரம் கண்ணாடியாக இருந்ததே அதனால்தான். தோப்பு காற்றை மறைத்துக்கொண்டது. வெளியே வர வர அதன் கை நீள்கிறது, அலை சின்னதாகக் கடல் பக்கமாகவே ஓடுகிறது, நீங்களும் அதோடு போகிறீர்கள். வேகமாகப் போகிறோம் என்ற சந்தோசத்தில் யார் தள்ளுகிறார்கள் என்று பார்ப்பதில்லை. திரும்பி வர இரண்டரை மணி நேரம் ஆனது. துடுப்புப் போடுவதை நிறுத்தி ஒரு மிடறு தண்ணீர் குடித்தால், அந்த நேரத்துக்குள் பத்து முறை துடுப்பு வலித்து வந்த தூரம் பின்னுக்குப் போயிருப்பேன். உள்ளங்கைத் தோல் உரிந்து துடுப்பில் ஒட்டியது. பாட்டிலில் கடைசி அரை லிட்டர் இருந்தபோது கரை தட்டினேன். இறங்கி நிற்கக் கால் வரவில்லை.

அன்றிலிருந்து சோளகக் காலத்தில் வடகடலில் கரையை விட்டு நேரே வெளியே போவதில்லை. கரையோடு கரையாக, காற்றை எதிர்த்து முதலில் போய்விட்டு, காற்றோடு மிதந்து வந்தபடி தூண்டில் போடுகிறேன். வாடைக் காலத்தில் தென்கடலிலும் இதே கதைதான், திசைதான் மாறும். இறங்கும் முன் ஒரு பிடி மணலைத் தூக்கி விட்டுப் பாருங்கள். அது கடல் பக்கம் பறந்தால் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் ஆசைப்படாதீர்கள்.

எங்கே போகவே கூடாது?

ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை இருக்கும் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. 1986ல் அறிவித்தார்கள், 560 சதுர கிலோமீட்டர். தீவிலிருந்து கரைப்பக்கம் மூன்றரைப் பாகம் ஆழம், வெளிக்கடல் பக்கம் ஐந்து பாகம் ஆழம் வரை எல்லை. ஒரு பாகம் என்றால் ஆறடி. குருசடை, மனோலி, முசல் தீவு எல்லாம் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் தெரியும். அங்கே தூண்டில் போடுவது குற்றம். தென்கடலில் இறங்கும் முன் வனத்துறையிடம் எல்லையைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும்.

பாம்பன் கால்வாய்ப் பக்கம் வேண்டவே வேண்டாம். இரண்டு கடலும் ஒன்றின் மீது ஒன்று சாய்கிற இடம். பாலத்தின் மேலிருந்து பார்த்தாலே தண்ணீர் ஆறுபோல ஓடுவது தெரியும். தனுஷ்கோடி அரிச்சல்முனையும் அப்படித்தான். அதோடு அது எல்லைப் பகுதி. அங்கிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர் சுமாருக்குத்தான். சர்வதேசக் கடல் எல்லை அதற்கும் முன்னாலேயே வந்துவிடும். நம் மீனவர்கள் அந்தக் கோட்டால் படும் பாடு ஊருக்கே தெரியும். பொழுதுபோக்குக்குப் போகிறவர் அதன் கிட்டேயே போகக் கூடாது.

எங்கே இறங்கினாலும் அந்த ஊர்க் கடலோரக் காவல் குழும நிலையத்திலும் மீன்வளத் துறையிலும் ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டுக்கொள்வது என் வழக்கம். துடுப்புப் போடப் பழக வேண்டும் என்றால் காரங்காடு நல்ல இடம். வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் கயாக் விடுகிறார்கள். பிரப்பன்வலசையிலும் பழகலாம்.

என்ன மீன் கிடைக்கும்?

வடகடலில் கரையோரம் கிழங்கான், ஓரா, முரல், சின்னப் பாறை, ஊளி, கணவாய். தென்கடலில் பார் ஓரமாக விளமீன், செப்பிலி, களவா. வஞ்சிரம் எப்போதாவது. சீலா என்று யாராவது சொன்னால் எந்த ஊர்க்காரர் என்று கேளுங்கள். ஒரு ஊரில் அது வஞ்சிரம், இன்னொரு ஊரில் ஊளி.

எனக்குப் பிடித்தது கணவாய்தான். முள்வளையம் வைத்த கணவாய்த் தூண்டிலை மெல்லத் தூக்கித் தூக்கி விட்டால், ஈரத்துணி மாட்டிய மாதிரி ஒரு கனம் வரும். மேலே கொண்டுவந்ததும் கயாக்கில் போடாமல் கொஞ்ச நேரம் தண்ணீரிலேயே பிடித்து வையுங்கள். மையைக் கடலிலேயே கக்கிவிடும். அவசரப்பட்டால் தொடையில் கக்கும். பிறகு மடிக்குப் பக்கத்தில் வைத்து அதன் தோலைப் பாருங்கள். செம்பழுப்புப் புள்ளிகள் விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி, உடம்பு முழுக்க மூச்சு விடுவதுபோல இருக்கும். சந்தையில் வெள்ளையாகக் கிடக்கும் கணவாயை மட்டும் பார்த்தவர்களுக்கு இது தெரியாது. முதல் தடவை அதைப் பார்த்தபோது தூண்டிலைத் திரும்பப் போட மறந்து உட்கார்ந்திருந்தேன்.

பெரிய மீன் இழுத்தால் கவிழ்ந்துவிடாதா?

பக்கவாட்டில் இழுக்க விட்டால் கவிழும். தூண்டில் கம்பை முன்பக்கமாக நீட்டிப் பிடித்தால் கயாக்கின் மூக்கு தானாக மீன் போகும் பக்கம் திரும்பிக்கொள்ளும். அப்புறம் மீன் உங்களை இழுத்துக்கொண்டு போகும், நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கனமான படகில் தூண்டில் நரம்பு அறுந்துபோகும் இழுப்பு இங்கே அறுக்காது, கயாக் நகர்ந்து கொடுத்துவிடும். ஐந்து கிலோ பாறை ஒன்று என்னைக் கால் மணி நேரம் தேர் இழுப்பதுபோல இழுத்துப் போயிருக்கிறது. களைத்து அது பக்கத்தில் வந்து ஒருக்களித்தபோது எனக்கும் அதே மூச்சுத்தான் வாங்கியது.

நங்கூரத்தைப் பக்கவாட்டில் கட்டாதீர்கள். நீவாடு இழுக்கும்போது அந்தப் பக்கம் அமுங்கித் தண்ணீர் ஏறிவிடும். மூக்கிலோ பின்பக்கத்திலோதான் கட்ட வேண்டும். பார் மேலும் கடல்புல் மேலும் நங்கூரமே வேண்டாம், மிதந்தபடி பிடியுங்கள்.

கவிழ்ந்துவிட்டால்?

கயாக்கை விடாதீர்கள். அது முங்காது. குப்புறக் கிடந்தால் மேலே எக்கி எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து உங்கள் பக்கம் இழுங்கள், நிமிர்ந்துவிடும். பிறகு காலை உதைத்து வயிற்றால் குறுக்கே ஏறிப் படுத்து, புரண்டு உட்கார்ந்து, கடைசியாகக் காலைத் தூக்கிப் போடுங்கள். படிக்கும்போது எளிது. நெஞ்சளவுத் தண்ணீரில் பத்து முறை பழகாமல் ஆழத்துக்குப் போகவே கூடாது. ஏறத் தெரியாத ஆளுக்கு நீச்சல் தெரிந்தும் பயனில்லை.

என்னென்ன சாமான் வேண்டும்?

மிதவை அங்கி முதலில். உடம்பில் கட்டியிருக்க வேண்டும், பின்னால் செருகி வைத்தால் கணக்கில் வராது. துடுப்பைக் கயாக்கோடு கட்ட ஒரு கயிறு, நரம்பு சுற்றிக்கொண்டால் அறுக்க ஒரு கத்தி, விசில், மூன்று லிட்டர் தண்ணீர், தண்ணீர் புகாத உறையில் போன். கடலோரக் காவல் உதவிக்கு 1093, கடலோரக் காவல்படைக்கு 1554. பின்னால் ஒரு கம்பில் ஆரஞ்சு நிறக் கொடி கட்டாயம். அலை எழும்பினால் பைபர் படகு ஓட்டுபவர் கண்ணுக்கு நீங்கள் ஒரு தேங்காய் மட்டை அளவுதான். ராமேஸ்வரத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும் நாட்கள். அன்று அவை போகும் வழியில் நிற்காதீர்கள்.

கயாக் பத்திலிருந்து பதின்மூன்று அடி நீளத்தில் எது வேண்டுமானாலும் சரி. தூண்டிலும் அப்படித்தான், கையால் இழுக்கும் தங்கூசியும் போதும்.

கிளம்பும் முன் வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கை, ஐதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்கோயிஸின் அலை முன்னறிவிப்பு இரண்டையும் பாருங்கள். உள்ளூர் வானம் தெளிவாக இருந்தும் எங்கோ தூரத்துப் புயலில் கிளம்பிய அலை கரையேறுவதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். அதைக் கண்ணால் முன்கூட்டி அறிய வழியில்லை. பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருந்தால் எண் என்ன என்று கேட்கவே வேண்டாம், வீட்டில் இருங்கள்.

தொடக் கூடாதவை?

கடல் அட்டை, கடல் குதிரை, பவளப்பாறை, ஆமை, ஆவுளியா என்று நம் ஆட்கள் சொல்லும் கடல்பசு, எல்லாமே சட்டப் பாதுகாப்பில் இருப்பவை. உழுவை மீன், சுறா வகைகள் சிலவும் அப்படியே. மாட்டினால் நரம்பை வாய்க்குப் பக்கத்தில் அறுத்து விட்டுவிடுங்கள்.

பேத்தை மீன் விசம், சாப்பிடக் கூடாது. ஓராவின் முள் குத்தினால் கை தோள்வரை கடுக்கும். பொறுக்கும் சூட்டு வெந்நீரில் கையை வைத்திருந்தால் குறையும். கெளுத்தியையும் திருக்கையையும் மடியில் போடவே போடாதீர்கள்.

மீனவர்கள் கோபப்பட மாட்டார்களா?

அவர்கள் வயலில் நாம் போய் நிற்கிறோம். கரையை ஒட்டிய கடலை நாட்டுப்படகுகளுக்கு என்று சட்டமே ஒதுக்கியிருக்கிறது. நாம் போகும் தண்ணீர் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. வலையின் மிதவை தெரிந்தால் நூறு மீட்டர் தள்ளிப் போங்கள். பாசி வளர்க்கும் மூங்கில் மிதவைகளைக் குறுக்கே கடக்காதீர்கள். அந்தக் கயிறு ஒவ்வொன்றையும் கட்டியவர்கள் பெரும்பாலும் பெண்கள், ஒரு கயிறு அறுந்தால் அவர்களுடைய பல நாள் உழைப்பு போகும். பிடித்ததை விற்காதீர்கள். வீட்டுக்குத் தேவையான இரண்டு மூன்று மீனோடு நிறுத்துங்கள்.

ஆரம்பத்தில் என்னையும் முறைத்துப் பார்த்தார்கள். இப்போது கயாக்கைக் கரையேற்றும்போது யாராவது ஒருவர் வந்து மறுமுனையைத் தூக்கிவிடுகிறார். "தம்பி, இன்னைக்கு நீவாடு மேல போகுதா கீழ போகுதா?" என்று கேட்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

பிடித்த மீனை என்ன செய்வீர்கள்?

முதல் மீன் பெரியப்பா வீட்டுக்கு. முப்பத்தைந்து வருசம் கடலில் இருந்தவர், இப்போது முழங்கால் முடியாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். மீனை வாங்கியதும் செவுளைத் தூக்கிப் பார்ப்பார், வயிற்றைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்துவார். பெரியம்மா அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு வருவதற்குள் விசாரணை தொடங்கிவிடும்.

"எத்தன பாகத் தண்ணி?"

"ரெண்டு இருக்கும் பெரியப்பா."

"அடி கல்லா, சேறா?"

"கல்லு. ஈயம் டக்குன்னுச்சு."

"காத்து?"

"விடியல்ல கொண்டல், கிழக்குக் காத்து. ஏழு மணிக்கு மாறிருச்சு."

கண்ணை மூடிக்கொள்வார். அந்த இடம் எது என்று அவருக்குத் தெரிந்துவிட்டிருக்கும். இன்னும் கொஞ்சம் மேற்கே போயிருந்தால் ஒரு பள்ளம் உண்டு, அங்கே போட்டாயா என்று கேட்பார். அடுத்த ஞாயிறு அங்கே போடுகிறேன் என்பேன்.